ஒன்பது முறை புறப்பட்ட வேகன்

ஒரு நாட்டின் இதயம் அதன் தலைநகரத்தில் இல்லை, படைமுகாமில் இல்லை, அதன் சரக்கு யார்டில்தான் துடிக்கிறது. இந்த மாபெரும் உண்மையை ஆள் உயர எழுத்துகளில், நாற்பதடி நீளப் பலகையில் எழுதி யார்டு அலுவலகத்தின் முகப்பில் மாட்டியிருந்தார்கள். மாட்டியதில் ஒரு சின்ன இடைஞ்சல். அலுவலகத்தின் ஜன்னல்கள் அத்தனையும் பலகைக்குப் பின்னால் போய்விட்டன. அன்றிலிருந்து இதயத்துக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்துத்தான் வெளியே என்ன துடிக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

நம்பர்காரருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவர் வேலையே வெயிலில்தான். வந்து நிற்கும் ஒவ்வொரு சரக்கு ரயிலின் ஓரமாகவும் நடந்து, ஒவ்வொரு வேகனின் விலாவிலும் எழுதியிருக்கும் எண்ணைக் கண்ணால் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறார். வீட்டில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் போன மாதம் வந்த சிமெண்ட் வேகனின் எண்ணைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவார்.

யார்டு என்பது ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. நாலா திசையிலிருந்தும் ரயில்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் எண்ணெய், இரும்பு, மரம், தானியம் என்று எல்லாம் கலந்து கிடக்கும், போக வேண்டிய ஊரும் வேறு வேறு. அந்த ரயிலை மெதுவாக ஒரு மேட்டின்மேல் தள்ளுவார்கள். உச்சியில் கொக்கியைக் கழற்றிவிட்டால் வேகன் தன் கனத்திலேயே அந்தப் பக்கம் உருண்டு இறங்கும். கீழே தண்டவாளம் பிரியும் பாயிண்டைத் திருப்பித் திருப்பி, வடக்கே போவதை மூன்றாம் லைனுக்கும், துறைமுகத்துக்குப் போவதை ஏழாம் லைனுக்கும், மலைப்பக்கம் போவதைப் பதினோராம் லைனுக்கும் அனுப்புவார்கள். ஒரு லைனில் போதுமான வேகன் சேர்ந்ததும் இன்ஜினைப் பூட்டி வழியனுப்ப வேண்டியதுதான். தபால் பிரிக்கிற மாதிரி. என்ன, இங்கே கடிதம் ஒவ்வொன்றும் எண்பது டன்.

சிக்கல் அந்தப் ‘போதுமான’ என்ற சொல்லில் இருந்தது. மலைப்பாதைக்கு நாற்பது வேகன் சேராமல் இன்ஜின் தருவதில்லை என்பது விதி. மலைக்குப் போவதோ வாரத்துக்கு நாலைந்து வேகன். அதனால் பதினோராம் லைனில் எது வந்தாலும் பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போன வீட்டாரை எதிர்பார்ப்பதுபோல் காத்துக் கிடக்கும்.

இந்தக் காத்திருப்பை ஒழிக்கத்தான் புது மேலாளர் வந்து சேர்ந்தார். முதல் கூட்டத்திலேயே ‘சராசரி’ என்ற சொல்லை முப்பத்துநான்கு முறை உச்சரித்தார். வேகன்களைக் கழற்றிக் கோக்கும் ஷண்டிங் ஆட்கள் வேலை இல்லாமல் எண்ணிப் பார்த்தார்கள். அன்று மாலையே அவருக்குச் சராசரி என்று பெயர் நிலைத்தது. ஒரு வேகன் யார்டில் சராசரியாக நாற்பத்தொரு மணி நேரம் நிற்கிறது, இதை இருபதாக்குவேன் என்று அவர் சபதம் செய்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். நம்பர்காரரும்தான்.

இன்னொரு இன்ஜின் கேட்டு வாங்குவார், மலைப்பாதை விதியை மாற்றுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் செய்தது வேறு. யார்டின் எல்லை தாண்டி அரைக் கிலோமீட்டரில் ஒரு கம்பம் நிற்கிறது. அதில் ஒரு கண். அந்தக் கண்ணைக் கடந்து வெளியே போகும் வேகனுக்குத் ‘புறப்பட்டது’ என்றும், உள்ளே வரும் வேகனுக்கு ‘வந்தது’ என்றும் திரையில் தானாகப் பதிவாகும். இது தெரிந்ததும் சராசரிக்கு ஞானம் பிறந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தேங்கி நிற்கும் வேகன்களை எல்லாம் ஒரே சரமாகக் கோத்து, இன்ஜின் பூட்டி, கம்பத்தைத் தாண்டி இழுத்துப் போய், அரை மணி நேரம் நிறுத்தி, திரும்பவும் உள்ளே தள்ளிவிடுவார்கள். போனவை பழைய வேகன்கள். வந்தவை புத்தம் புதியவை. ஷண்டிங் ஆட்கள் இதற்குக் ‘காத்து வாங்கப் போறது’ என்று பெயர் வைத்தார்கள். பத்தே மாதத்தில் சராசரி பத்தொன்பது மணி நேரத்துக்கு இறங்கியது. வேகன்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு நம்பர்காரரின் தங்கை வீட்டுக்காரர், அதாவது மாப்பிள்ளை, யார்டு வாசலில் வந்து நின்றார். மலைப்பக்கத்தில் முப்பத்திரண்டு குடும்பங்களுக்குச் சேர்த்து விதைக்கிழங்கு வாங்கியவர் அவர். உருளைக்கிழங்கு விதை, ஒரு வேகன் முழுக்க. நிலம் எல்லாம் உழுது, மழை பெய்து, ஈரப்பதம் சரியாக இருந்தது. இன்னும் ஆறு நாளுக்குள் கிழங்கு மண்ணுக்குள் போகவில்லை என்றால் அந்த வருடம் அவ்வளவுதான்.

“வாங்க மாப்ள, வாங்க. என்ன திடீர்னு?” என்று நம்பர்காரர் ஓடி வந்து பையை வாங்கினார்.

“ஒரு சந்தேகம் மச்சான்.” மாப்பிள்ளை கைப்பேசியை நீட்டினார். “என் வேகன் ஒன்பது நாளா தெனமும் சாயங்காலம் புறப்படுதுங்க. தெனமும் அரை மணி நேரத்துல வந்து சேந்துடுது. மொதல் நாளு ‘புறப்பட்டது’ன்னு பாத்துட்டு உங்க தங்கச்சி எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டா. நாப்பது பேரு ஸ்டேஷன்ல போய் நின்னாங்க. ரெண்டாம் நாளும் நின்னாங்க. மூணாம் நாளு என்னை மட்டும் போயி நிக்கச் சொல்லிட்டாங்க.”

நம்பர்காரர் அவரைப் பதினோராம் லைனுக்குக் கூட்டிப்போனார். தண்டவாளங்களைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். மேட்டிலிருந்து ஒரு எண்ணெய் வேகன் தனியாக உருண்டு வந்து, பெருமூச்சு விட்டு, முன்னால் நின்றதில் போய் ‘டொம்’ என்று மோதியது. மாப்பிள்ளை துள்ளிவிட்டார்.

“பயப்படாதீங்க. அது அப்படித்தான் சேரும்.”

“என் கிழங்கையும் இப்படித்தான் முட்டவிடுறீங்களா?”

கிழங்கு வேகன் இருந்த இடத்திலேயே நின்றது. நம்பர்காரர் எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். மாப்பிள்ளை காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்தார். உள்ளிருந்து ஈர மண் வாசனையும், அதற்கு அடியில் லேசாக ஒரு அழுகல் நெடியும் வந்தன. ஒரு துவாரத்தின் வழியாக வெள்ளைவெளேரென்று ஒரு முளை, விரல் நீளத்துக்கு, வெளிச்சத்தைத் தேடி வெளியே எட்டிப் பார்த்தது.

“இருட்டுல இவ்வளவு நீளம் போனா ஒடிஞ்சுடும் மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. குரல் இறங்கியிருந்தது. “நான் உங்களைக் கேக்கறேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேட்டிருக்கேன். முழு வேகனையுமா மறைப்பாங்க?”

அலுவலகத்துக்குப் போனார்கள். சராசரி நல்ல மனிதர்போல எழுந்து நின்று கும்பிட்டார், நாற்காலி காட்டினார். வாடிக்கையாளர் என்றால் அவருக்கு உயிர். எண்ணைக் கேட்டுத் திரையில் தட்டினார்.

“உங்க வேகன் தாமதமே ஆகலீங்களே. நேத்து சாயங்காலம் ஆறு நாப்பதுக்குத்தான் வந்திருக்கு. இப்ப மணி பத்து நாப்பது. வயசு பதினாறு மணி நேரம்.”

“நேத்தைக்கு இதே நேரத்துல பாத்தாலும் பதினாறுதான் இருந்திருக்கும் சார்.”

“ஆமா.” சராசரியின் முகம் மலர்ந்தது. “அதுதான் எங்க சாதனை.”

“என்றும் பதினாறு,” என்று முணுமுணுத்தார் மாப்பிள்ளை. “சரி சார். கதவைத் தொறந்து விடுங்க. நான் லாரி கொண்டு வந்து ஏத்திட்டுப் போயிடறேன்.”

“அது முடியாதுங்க. ஓடிக்கிட்டிருக்கிற வண்டியத் தொறக்கறது சட்டவிரோதம்.”

“அது ஓடலீங்களே! நிக்குது!”

“பாக்கறதுக்கு நிக்கும். பதிவுப்படி அது பயணத்துல இருக்கு.”

“சார், அந்த ஜன்னலுக்குப் பக்கத்துல வாங்க, காட்டறேன்,” என்று எழுந்த மாப்பிள்ளை, அங்கே பலகையின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தார்.

சராசரி மேசை இழுப்பறையிலிருந்து வழவழப்பான ஒரு கையேட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். ‘சரக்கு யார்டைப் புரிந்துகொள்வோம்.’ முதல் பக்கத்தில் அவருடைய படம், பின் பக்கத்திலும் அவருடைய படம். “யார்டுங்கறது பொதுமக்களுக்குச் சுலபமாப் புரியற விஷயம் இல்ல. நிதானமாப் படிச்சுப் பாருங்க.”

“இதை நட்டா முளைக்குமா சார்?”

நம்பர்காரர் மேசைக்கு முன்னால் வந்தார். “சார், அந்த வேகன் ஒன்பது நாளா லைன்லயே கிடக்கு. எல்லாருக்கும் தெரியும். காத்து வாங்கத்தான் போயிட்டு வருது. இது அநியாயம் சார். முப்பத்திரண்டு குடும்பம்...”

“அநியாயமா?” சராசரி கொஞ்சமும் கோபப்படவில்லை. திரையை மாப்பிள்ளை பக்கம் திருப்பினார். “ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஒரு ஆள் சான்று தரணும். ‘இந்த வேகன்கள் யார்டை விட்டுச் சென்றதை நேரில் கண்டேன்’னு. ஒன்பது சான்று இருக்கு. கையெழுத்து யாருதுன்னு நீங்களே பாருங்க.”

மாப்பிள்ளை பார்த்தார். பிறகு நம்பர்காரரைப் பார்த்தார். கையேட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் வைத்துத்தான் பேசினார். “நீங்கதானா மச்சான்?”

“எல்லாரும் போடறதுதான் மாப்ள. தாள் வரும். போட்டுக் குடுப்போம். எந்த வேகன்ல யாரு கிழங்கு இருக்குன்னு நான் எங்க கண்டேன்?”

“நேரில் கண்டேன்னு எழுதியிருக்கு.”

அதே நேரத்தில் நம்பர்காரரைத் தங்கை போனில் கூப்பிட்டாள். “அண்ணே, அவரு வந்துட்டாரா? உன் யார்டுன்னு சொன்னதும் எனக்கு உசுரே வந்துச்சு. நம்ம அண்ணன் இருக்கிற இடம்தானே, ஒரு நிமிஷத்துல முடிச்சுடும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“முடிச்சுடறேன்மா,” என்றார் நம்பர்காரர். வெட்கம் பாதி, ஆத்திரம் பாதி. ஒரு வேகனைக் கொலு பொம்மை மாதிரி ஒன்பது நாள் ஏற்றி இறக்கி வைத்து, அதற்கு என்னையே சாட்சியும் வைத்து, அந்தச் சாட்சியை என் மாப்பிள்ளைக்கே காட்டுகிறான் பார் என்று பல்லைக் கடித்தார்.

நேராகக் கொக்கியிடம் போனார். ஷண்டிங் வேலையில் அந்த யார்டிலேயே கெட்டிக்காரி அவள். இரண்டு வேகன்களுக்கு நடுவில் புகுந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் கொக்கியைக் கோத்துவிட்டு, பிரேக்குக்கான காற்றுக் குழாயையும் மாட்டிவிட்டு வெளியே வந்துவிடுவாள். அதனால் அந்தப் பெயர்.

“என்னண்ணே, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

சொன்னார். கொக்கி கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். “அப்ப ஒன்பது கையெழுத்தும் உன்னோடது. ரொம்ப நல்லா எழுதுவியேண்ணே நீ, குண்டு குண்டா.”

“கிண்டல் பண்ணாத. வழி சொல்லு.”

“வழி இருக்கு. நீதான் பயப்படுவ.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “மலைப்பாதையில தண்டவாளத்துக்குக் கொட்டற ஜல்லி வண்டி இன்னிக்குச் சாயங்காலம் போகுது. கம்பத்தைத் தாண்டி வெளி லைன்லதான் நிக்கும். நம்ம காத்து வாங்கற சரமும் பக்கத்து லைன்லதான் போய் நிக்கும். உன் மாப்பிள்ளை வேகன் இன்ஜினுக்கு அடுத்ததா இருந்தா, இன்ஜினோட அதை மட்டும் கழட்டி, அந்தப் பக்கம் கொண்டுபோய் ஜல்லி வண்டிக்கு வால்ல மாட்டிடலாம்.”

“அனுமதி?”

“யாரு குடுக்கணும்? கம்பத்தைத் தாண்டினதும் அது புறப்பட்ட வண்டி. புறப்பட்ட வண்டி போறதுக்கு எதுக்குண்ணே அனுமதி? திரும்பி வர்றதுக்குத்தான் வேணும்.”

இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சட்டப்படியான பேச்சை நம்பர்காரர் அந்த யார்டில் கேட்டதில்லை.

பதினோராம் லைனில் அந்த வேகனை வெளியே எடுத்து இன்ஜினை ஒட்டி நிறுத்தக் கொக்கிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. யாராவது கேட்டால் பிரேக் சரியில்லை, இடம் மாற்றுகிறோம் என்று சொல்ல ஏற்பாடு. யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களுக்கு ஜன்னல் இல்லை.

ஆறு பத்துக்குச் சரம் கிளம்பியது. முப்பத்தெட்டு வேகன்கள் கம்பத்தைத் தாண்டின. திரையில் ‘புறப்பட்டது’ என்று முப்பத்தெட்டு முறை எழுந்தது. வெளி லைனில் நின்றதும் கொக்கி இறங்கி, பின்னால் நிற்கும் வேகன்களின் கைப்பிரேக்கைச் சுற்றி இறுக்கினாள். இறுக்கிய பிறகு முதல் வேகனுக்குப் பின்னால் கழற்றினாள். இன்ஜின் ஒற்றை வேகனை இழுத்துப் போய், பாயிண்ட் தாண்டி, பின்வாங்கி, ஜல்லி வண்டியின் வாலில் மெல்ல முட்டியது. இந்த முறை ‘டொம்’ இல்லை, கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம்தான். காற்றுக் குழாயை மாட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

ஜல்லி வண்டி டிரைவர் தலையை நீட்டினார். “என்னப்பா இது, ஜல்லிக்கு நடுவுல மாப்பிள்ளை ஊர்வலமா? பட்டியல் எங்க? பட்டியல்ல இல்லாததை நான் இழுக்க மாட்டேன்.”

நம்பர்காரர் ஜல்லி வண்டியின் ஓரமாக முதல் வேகனிலிருந்து நடந்தார். ஒவ்வொரு எண்ணையும் பார்த்தார், எழுதினார். கடைசியில் கிழங்கு வேகனின் எண்ணையும் எழுதி, ‘நேரில் கண்டேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வரி உண்மையாக இருந்தது.

மாப்பிள்ளை டிரைவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். “வேகன் எங்க போகுதோ நானும் அங்கதான். இனிமே திரையை நம்பறதா இல்ல.” வண்டி நகர்ந்தபோது கையேட்டை விசிறியாக்கி முகத்துக்கு வீசிக்கொண்டார்.

காத்து வாங்கப் போன சரம் ஆறு நாற்பதுக்கு வழக்கம்போல் உள்ளே வந்தது. முப்பத்தேழு. சாயங்கால உலா போன வேகன்கள் ஒன்று விடாமல் திரும்பி வருவதைப் பத்து மாதமாகப் பார்த்துப் பழகிய திரை, ஒன்று குறைந்ததும் சிவப்பாக எரிந்து கூவத் தொடங்கியது. யார்டு வரலாற்றில் அந்தக் கூவலை யாரும் கேட்டதில்லை. சராசரி ஓடிவந்தார். “ஒரு வேகனைக் காணோம்!” என்று கத்தினார். காணவேண்டும் என்றால் வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் நம்பர்காரருக்குக் குற்றச்சாட்டுத் தாள் வந்தது. கொக்கி அதை வாங்கி உரக்கப் படித்தாள்.

“‘மேற்படி வேகன் புறப்பட்ட பின்னர், முறைப்படி திரும்பி வர வேண்டிய நேரத்தில் திரும்பி வராமல், சேர வேண்டிய ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டதற்குத் தாங்களே காரணம் என்று தெரியவருவதால்...’ அண்ணே, இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டு. ஒரு சரக்கு ரயில்காரன் மேல இதைவிடப் பெரிய பழியைப் போட முடியாது.”

“சிரிக்காத. வேலை போனா நீயா சோறு போடுவ?” என்றார் நம்பர்காரர். ஆனாலும் அவருக்குள் நெருப்பு எரிந்தது. வீட்டில் மனைவியிடம் கத்தினார். “போகட்டும்டி! விசாரணை வைக்கட்டும். அத்தனையையும் பிட்டுப் பிட்டு வைக்கறேன். கம்பம், கண், உலா, கையெழுத்து, ஒண்ணு விடமாட்டேன். வேகன் ஊர் போய்ச் சேந்தது குத்தமாம்! இதைக் கேக்க ஒரு ஆள் இல்லையா இந்த நாட்டுல?”

“கேக்கற ஆளுக்குச் சம்பளம் யாரு தர்றா?” என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

கிழங்கு போய்ச் சேர்ந்தது. கால்வாசி அழுகல், கொஞ்சம் முளை ஒடிந்தது. மிச்சத்தை மூன்றே நாளில் நட்டு முடித்தார்கள். தங்கை போன் போட்டு அழுதாள், சிரித்தாள், அண்ணன் இல்லாவிட்டால் முப்பத்திரண்டு அடுப்பு அணைந்திருக்கும் என்றாள். நம்பர்காரர் அந்த ஒரு நாள் நிமிர்ந்து நடந்தார்.

மறுநாள் சராசரி கூப்பிட்டார். நாற்காலி காட்டினார். இரண்டு வாரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு குழு வருகிறது, நாட்டிலேயே குறைந்த சராசரிக்கு விருது தர. அந்தச் சமயத்தில் ஒரு விசாரணை நடந்து, அதில் யாராவது கம்பம், கண் என்று எதையாவது உளறினால் யாருக்கும் நல்லதல்ல.

“பாருங்க, நீங்களும் குடும்பஸ்தன், நானும் குடும்பஸ்தன். அந்த வாடிக்கையாளர் மனமுவந்து ஒரு நன்றிக் கடிதம் குடுத்தார்னா இந்தத் தாள் கோப்புல இருந்து காணாமப் போயிடும்.”

“எங்க மாப்பிள்ளை நன்றி சொல்லணுமா? உங்களுக்கா?” நம்பர்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “அவரு முன்னால என்னைத் தலைகுனிய வெச்சீங்களே, அதுக்கா? கிழங்கு அழுகினதுக்கா? நாப்பது பேரு ஸ்டேஷன்ல காத்துக்கிட்டு நின்னதுக்கா? என் உசுரே போனாலும் அது நடக்காது சார்!” கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியே போனார். அந்தச் சத்தம் மேடு வரைக்கும் கேட்டது. கொக்கி தூரத்திலிருந்தே விசில் அடித்தாள். ஷண்டிங் ஆட்கள் அன்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

விருது விழாவில் கடிதத்தை மேடையில் வாசித்தார்கள். யார்டின் உயரிய நிர்வாகமும், மேலாளரின் உயரிய தொலைநோக்கும் இல்லாவிட்டால் தங்கள் நிலங்கள் தரிசாகியிருக்கும் என்று முப்பத்திரண்டு குடும்பங்களின் சார்பில் மாப்பிள்ளை கையெழுத்திட்டிருந்தார். சராசரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குற்றச்சாட்டுத் தாள் கோப்பிலிருந்து காணாமல் போயிருந்தது.

போனில் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கடிதத்தை எழுதவைத்தவர் நம்பர்காரர். ‘உயரிய’ என்ற சொல்லை இன்னொரு இடத்திலும் போடச் சொன்னவரும் அவர்தான்.